மாமாவின் ஸ்டுடியோ சர்வரும் ஒரு கோலப் பக்கமும்

தை முகூர்த்தங்கள் முடிந்த ஒரு திங்கட்கிழமை காலை மாமா போன் செய்தார்.

"மாப்ள, ஃபோல்டர் எல்லாம் அப்படியே இருக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல."

மாமா பொள்ளாச்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். எடிட்டர்கள் மூன்று பேர், கேமராக்காரர்கள் இரண்டு பேர். முன்பெல்லாம் பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் கை மாறிக்கொண்டே இருக்கும். எந்த டிஸ்க்கில் எந்தக் கல்யாணம் என்று தேடியே பாதி நாள் போய்விடும். "நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்கற, ஒரு வழி பண்ணிக் குடு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பைத்தானில் ஒரு ஃபைல் சர்வர் எழுதிக் கொடுத்தேன். பைத்தான் மொழியோடு கூடவே வரும் எச்டிடிபி சர்வர் (ப்ரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்குத்தான் எச்டிடிபி என்று பெயர்) ஃபோல்டரைப் பட்டியல் போட்டுக் காட்டும், ஃபைலை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஏற்றவும் அழிக்கவும் அதில் வழி கிடையாது. அந்த இரண்டையும் நான் சேர்த்தேன். மொத்தம் 200 வரி இருக்கும். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஓடவிட்டு, 192.168.1.10 என்ற முகவரியை எல்லா மானிட்டரிலும் ஸ்டிக்கர் எழுதி ஒட்டினேன். யார் வேண்டுமானாலும் நுழையக் கூடாது என்று பாஸ்வேர்டும் வைத்தேன். ப்ரவுசரே சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்குமே, அந்த பேசிக் ஆத்தென்டிகேஷன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி. முதலில் பெயர், அதைத் தட்டினால் டவுன்லோடு ஆகும். அப்புறம் சைஸ். கடைசியில் "அழி" என்று ஒரு லிங்க். அந்த லிங்க்கில் கேள்விக்குறி போட்டு ஃபைல் பெயரைச் சேர்த்திருந்தேன். தட்டினால் ஃபைல் போய்விடும். எளிமையாக இருக்கிறதே என்று அப்போது கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

ரிமோட்டில் உள்ளே போய், வந்த கோரிக்கைகளைச் சர்வர் எழுதி வைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு இரவு முழுக்க ஒரே முகவரியிலிருந்து கோரிக்கைகள் வந்திருந்தன. ஒரு போட்டோ டவுன்லோடு, உடனே அதே போட்டோவுக்கு அழி. அடுத்த போட்டோ டவுன்லோடு, அதற்கு அழி. ஒரு கெட்டி மேளத்தையும் விடாமல் வரிசையாகப் போயிருந்தது. மனிதக் கை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. கோரிக்கை அனுப்பிய மென்பொருளின் பெயரும் லாக்கில் இருந்தது: டபிள்யூகெட்.

பகுதி நேரமாக வரும் கல்லூரிப் பையன் ஒருவன், "எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாம்" என்று தன் லேப்டாப்பிலிருந்து டபிள்யூகெட்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். பக்கத்தில் இருக்கும் எல்லா லிங்க்கையும் தொடர்ந்து போய் இறக்கு என்று ஒரு ஆப்ஷன் அதில் உண்டு. பாவம், சொன்னதை அது செய்தது. என் பக்கத்தில் "அழி"யும் ஒரு லிங்க்தானே!

நல்ல வேளை, பெயர் முதலிலும் அழி பின்னாலும் இருந்தன. டபிள்யூகெட் லிங்க்குகளைப் பார்த்த வரிசையிலேயே போகும். ஒவ்வொரு போட்டோவையும் பையனின் டிஸ்க்கில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் சர்வரில் அழித்திருக்கிறது. எல்லாம் திரும்பக் கிடைத்தன, நடுநடுவே கேள்விக்குறிப் பெயர்களில் ஆயிரக்கணக்கான குப்பை ஃபைல்களோடு. அழி லிங்க்கை அழகுக்காக இடது பக்கம் வைத்திருந்தால் ஐந்து குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கத் தைரியமில்லை.

அலுவலகக் கேன்டீனில் இதை நகைச்சுவையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, வழியில போன பூனை உள்ள வந்து பாலைக் குடிச்சிட்டுப் போயிருக்கு. திருடன் வரமாட்டானா?"

"ஸ்டுடியோ வைஃபைக்கு உள்ள இருக்கும்மா. பாஸ்வேர்டும் இருக்கு."

"உங்க பாஸ்வேர்டை உங்க ப்ரவுசரே கொண்டுபோய்க் குடுத்துடும்ணா" என்றாள்.

அவள் சொன்னதை என் மொழியில் இப்படிப் புரிந்துகொண்டேன். சின்ன வயதில் வீட்டிலிருந்து ஒரு பையனை மளிகைக் கடைக்குச் சீட்டோடு அனுப்புவார்கள். கடைக்காரருக்குப் பையனைத் தெரியும், எந்த வீட்டுப் பையன் என்று தெரியும். சீட்டில் இருப்பதைக் கட்டிக் கொடுத்துவிட்டு அக்கவுண்ட் நோட்டில் எழுதிக்கொள்வார். இப்போது வழியில் யாரோ ஒருவன் பையனை நிறுத்தி, "தம்பி, இந்தச் சீட்டையும் குடுத்துடு" என்று நீட்டுகிறான். பையன் வெகுளி, வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறான். கடைக்காரர் பையன் முகத்தைப் பார்க்கிறார், சீட்டை யார் எழுதியது என்று பார்ப்பதில்லை. கணக்கு நம் வீட்டு நோட்டில் ஏறுகிறது.

இதில் பையன்தான் ப்ரவுசர், கடைதான் சர்வர். நான் ஒரு முறை பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால், அந்த ப்ரவுசர் அதன்பின் 192.168.1.10க்குப் போகும்போதெல்லாம் அதை ஒட்டியே அனுப்பும். போகச் சொன்னது என் பக்கமா, நான் இன்னொரு டேப்பில் திறந்து வைத்திருக்கும் ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் பக்கமா என்ற பேதம் அதற்கு இல்லை. வைஃபைக்கு உள்ளே இருப்பதும் காவல் ஆகாது, ஏனென்றால் ப்ரவுசரும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பெயர் கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி. சுருக்கமாக சிஎஸ்ஆர்எஃப், வாயில் சொல்லும்போது சீ-சர்ஃப். 2001ல் பீட்டர் வாட்கின்ஸ் வைத்த பெயர். பேசிக் ஆத்தென்டிகேஷனில் இன்னொரு தொல்லை, லாக்அவுட் என்று ஒழுங்கான ஒன்று கிடையாது. ப்ரவுசரை முழுக்க மூடினால்தான் மறக்கும். ஸ்டுடியோவில் ப்ரவுசரை யாரும் மூடி நான் பார்த்ததில்லை.

லிங்க்கைத் தொட்டாலே அழியும்படி வைத்திருந்த என் தவறுக்கும் வயது அதிகம். 2005ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்று ஒன்றை வெளியிட்டார்கள். நாம் தட்டுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளை இறக்கி வைத்து வேகப்படுத்தும். அழி, நீக்கு என்பதெல்லாம் சாதா லிங்க்காக இருந்த தளங்களில், உள்ளே நுழைந்திருந்தவர்களின் தரவுகளை அது சத்தமில்லாமல் அழித்தது. எச்டிடிபி விதிகளில் கெட் என்பது பார்ப்பதற்கு மட்டும், எதையும் மாற்றக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.

சரி, கெட்டை, மாற்றும் வேலைகளுக்கான போஸ்ட் கோரிக்கை ஆக்கினேன். "அழி" இப்போது லிங்க் இல்லை, ஃபார்முக்குள் ஒரு பட்டன். மாமா ஆலோசனைப்படி "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும் பெட்டியும் வைத்தேன். டபிள்யூகெட்டை நானே ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு ஃபைலும் போகவில்லை. வேலை முடிந்தது என்று அவளிடம் சொன்னேன். "உங்க லேப்டாப்ல ஒரு காப்பி ஓடவிடுங்கண்ணா, நான் ஒரு பக்கம் அனுப்பறேன், திறந்து பாருங்க" என்றாள்.

சனிக்கிழமை இரவு வீட்டில் வைத்து, லேப்டாப்பில் சர்வரை ஓடவிட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்துவிட்டு, அவள் அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். அழகான புள்ளிக் கோலம் ஒன்றின் படம். ஒரு நொடி. அந்த டேப் அப்படியே என் சர்வரின் பக்கத்துக்குத் தாவியது. பட்டியலில் நான் வைத்திருந்த சோதனைப் படம் ஒன்றைக் காணோம்.

"நிச்சயமாகவா" பெட்டி வரவே இல்லை. ஏன் வரும்? அது என் பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அவள் என் பக்கத்துக்கு வரவே இல்லையே. தன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபார்ம் செய்து, அது போய்ச் சேரும் முகவரியாக என் சர்வரை எழுதி, பக்கம் திறந்ததும் தானாக அனுப்பிக்கொள்ளும்படி வைத்திருந்தாள். வேறு தளத்துக்கு ஃபார்ம் அனுப்புவது ப்ரவுசரில் ஆதியிலிருந்தே அனுமதிக்கப்பட்ட விஷயம்.

அழிப்பதையாவது எதிர்பார்த்திருந்தேன். அடுத்து அனுப்பிய பக்கம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கோலம், அதே ஒரு நொடி. இந்த முறை பட்டியலில் "வணக்கம் அண்ணா" என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. நான் எந்த ஃபைலையும் தேர்ந்தெடுக்கவில்லையே! ஃபைல் பெட்டியை மனிதர் தட்டித்தான் நிரப்ப முடியும் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். நம் டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை ஒரு பக்கம் தானாக எடுக்க முடியாது, அதுவரை சரி. ஆனால் ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு ஃபைலை உருவாக்கி, டேட்டா டிரான்ஸ்ஃபர் என்ற பொருள் வழியாக அந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியும். பெயரும் உள்ளடக்கமும் அனுப்புகிறவன் இஷ்டம். ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் பெயரையே வைத்தால் என் சர்வர் கேள்வி கேட்காமல் மேலே எழுதிவிடும். யோசித்துப் பார்த்தால் அழிப்பதைவிட இது மோசம். அழிந்தால் காலியாக இருக்கிறது என்றாவது தெரியும்.

"சேம்சைட் எதுக்கு இருக்கு?" என்று கொஞ்சம் எரிச்சலோடு கேட்டேன். 2020ல் குரோம் 80 வந்தபோது, இந்த சேம்சைட் விதிப்படி, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கைகளோடு குக்கி (உள்ளே நுழைந்தவரை அடையாளம் காண ப்ரவுசரில் சேமிக்கும் சின்னத் தகவல்) போகாதபடி இயல்பாகவே மாற்றினார்கள், அதோடு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று எங்கோ படித்து மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

"உங்க சர்வர்ல குக்கியே இல்லையேண்ணா."

உண்மைதான். சேம்சைட் குக்கிக்குத்தான். பேசிக் ஆத்தென்டிகேஷன் பாஸ்வேர்ட் குக்கியில் இருப்பதில்லை, அதனால் அந்தக் கட்டுப்பாடு அதைத் தொடாது. பாஸ்வேர்டே இல்லாமல், வைஃபைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்று திறந்து வைத்திருக்கும் சர்வருக்கும் அது உதவாது. குக்கி வைத்திருந்தாலும் ஒரு ஓட்டை உண்டு. சேம்சைட் கணக்கில் போர்ட் எண், அதாவது ஒரே கணினியில் ஓடும் சர்வர்களைப் பிரித்துக் காட்டும் எண், சேராது. ஒரே கணினியில் 8000ல் ஃபைல் சர்வரும் 3000ல் வேறொன்றும் ஓடினால் இரண்டும் ஒரே சைட்தான்.

பின்னணியில் சத்தமில்லாமல் கோரிக்கை அனுப்பும் வழிகளை ப்ரவுசர்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெளித் தளம் ஒன்று வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவியைத் தொட முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கும் ஏற்பாடு 2025ல் குரோமில் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பக்கமே நகர்ந்து போகும் ஃபார்மை வைத்துத்தான் அவள் என்னைப் பிடித்தாள். ப்ரவுசர் ஒருநாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கதவைத் திறந்து வைத்திருக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் எழுதிய 200 வரிக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். ஃபைல் ப்ரவுசர் என்று கோ மொழியில் எழுதப்பட்ட, பலரும் பயன்படுத்துகிற ஒரு ஃபைல் மேலாளர் இருக்கிறது. அதன் 2.18.0க்கு முந்தைய பதிப்புகளில் இதே குறை இருந்தது, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-46398 என்று பதிவாகியிருக்கிறது. நிர்வாகி ஒரு தீயப் பக்கத்தைத் திறந்தால் போதும், அவர் அதிகாரத்திலேயே தாக்குகிறவனுக்குப் புதிய நிர்வாகிக் கணக்கு ஒன்று உருவாகிவிடும். அந்த மென்பொருளில் நிர்வாகி கட்டளைகளையும் ஓட்ட முடியும் என்பதால் கணினியே கை மாறும். அதற்கும் முன்னால், 2008ல் மெக்சிகோவில் வாழ்த்து அட்டை போல வந்த மின்னஞ்சல்களுக்குள் ஒரு படத்தின் முகவரியாக வீட்டு ரவுட்டரின் கட்டளையை எழுதி அனுப்பினார்கள். மின்னஞ்சலைத் திறந்ததும் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பு மாறி, வங்கித் தளத்துக்குப் போகிறவர்கள் வேறிடத்துக்குப் போனார்கள்.

வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில் 2007லிருந்து 2013 வரை சீ-சர்ஃபுக்கு இடம் இருந்தது, 2017ல் எடுத்துவிட்டார்கள். வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோ போன்ற கட்டமைப்புகள் காப்பைக் கூடவே தருவதால் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது காரணம். நான் ஜாங்கோவில் எழுதவில்லையே. சின்ன வேலைக்கு எதற்கு அவ்வளவு பெரிய சாமான் என்று கையாலேயே எழுதினேன். அதோடு வரும் பூட்டும் எனக்கு வரவில்லை.

சரிசெய்யும் வேலையில் நான் போட்ட சொதப்பல்களைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். யாருக்காவது உதவும்.

முதல் சொதப்பல். இப்போதைய ப்ரவுசர்கள் கோரிக்கையோடு செக்-ஃபெட்ச்-சைட் என்று ஒரு ஹெட்டரை, அதாவது ஒரு குறிப்பு வரியை, அனுப்புகின்றன. கோரிக்கை அதே இடத்திலிருந்து வந்ததா, அந்நியத் தளத்திலிருந்தா என்று அதிலேயே எழுதியிருக்கும். நம் கதையில் கடைக்காரர் "யார் எழுதிக் குடுத்தது தம்பி?" என்று கேட்க, பையன் உள்ளதைச் சொல்வது போல. ஏமாந்து போவானே தவிர, இந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான். மூன்று வரியில் சோதனையை எழுதினேன்: அந்நியம் என்றால் 403 (அனுமதி இல்லை என்ற பதில்), ஹெட்டரே இல்லாவிட்டால் ப்ரவுசர் அல்லாத ஏதோ ஸ்கிரிப்ட் என்று எண்ணி உள்ளே விடு. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில், அதாவது கணினி தன்னையே அழைக்கும் முகவரியில், கோலப் பக்கத்தைத் திறந்தேன். 403 வந்தது. அன்றே ஸ்டுடியோ கணினியிலும் ஏற்றினேன்.

அடுத்த வாரம் பொள்ளாச்சி போயிருந்தபோது, ஸ்டுடியோ முகவரிக்கு மாற்றிய கோலப் பக்கத்தை அங்கேயும் சும்மா திறந்து பார்த்தேன். "வணக்கம் அண்ணா" ஜம்மென்று வந்து உட்கார்ந்தது.

அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான். அந்த ஹெட்டரை எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கம் செய்த முகவரிகளுக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கும் மட்டும்தான் ப்ரவுசர் அனுப்பும். 192.168.1.10 என்ற சாதா எச்டிடிபி முகவரிக்கு அனுப்பவே அனுப்பாது. என் லேப்டாப்பில் காவல்காரன் நின்றான். ஸ்டுடியோவில் ஆளே இல்லை, "ஹெட்டர் இல்லாவிட்டால் விடு" என்று நானே எழுதிய வரி எல்லாரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. சோதனையை எங்கே ஓடப் போகிறதோ அந்த இடத்தில், அந்த முகவரியில் செய்யாததன் பலன்.

அப்புறம் ஆரிஜின் ஹெட்டருக்கு மாறினேன். போஸ்ட் கோரிக்கை என்றால் இப்போதைய ப்ரவுசர்கள் இதை எப்போதும் வைக்கின்றன, சாதா எச்டிடிபியிலும். எந்தத் தளத்தின் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று முகவரியே அதில் இருக்கும். இந்த முறை விதியை இறுக்கினேன்: நான் கையால் எழுதிய பட்டியலில் உள்ள முகவரி என்றால் மட்டும் அனுமதி. ஹெட்டர் இல்லை என்றாலும் 403, அதில் நல் (null, காலி) என்று இருந்தாலும் 403. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஹெட்டரைத் தாங்களே சேர்த்துக்கொள்ளட்டும்.

கோலம் தோற்றது. கூடவே எடிட்டர்களும் தோற்றார்கள். ஒருவராலும் எதையும் ஏற்ற முடியவில்லை, அதுவும் ஆல்பம் லேபுக்குப் போக வேண்டிய நாள். மாமா லைனில் இருந்தார், பின்னணியில் எடிட்டர்கள் பேசுவது கேட்டது, என் பெயர் அடிபட்டது. பதறிப்போய் லாக்கைப் பார்த்தால் எங்கள் சொந்தப் பக்கத்திலிருந்தே ஆரிஜின் நல் என்று வருகிறது. முந்தின வாரம்தான் பாதுகாப்பு என்று நினைத்து, ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற தகவல்) எதையும் அனுப்பாதே என்று ஒரு ஹெட்டர் சேர்த்திருந்தேன். அந்தக் கொள்கை இருந்தால் ஃபார்ம் அனுப்பும்போது ஆரிஜினையும் ப்ரவுசர் மறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதே இடத்துக்குள் மட்டும் ரெஃபரர் அனுப்பலாம் என்று ஒரு சொல்லை மாற்றியதும் வேலை செய்தது.

பட்டியலில் முகவரிகளைக் கையால் எழுதியிருக்கிறேன் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. சுலப வழி ஒன்று இருக்கிறது: ஆரிஜினில் உள்ள பெயரும் கோரிக்கை எந்தப் பெயருக்குப் போகிறது என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பது. முதலில் அப்படித்தான் எழுதினேன். அவள்தான் டிஎன்எஸ் ரீபைண்டிங்கைச் சொல்லி மாற்றச் சொன்னாள். ஒருவன் தன் டொமைன் பெயருக்கு முதலில் தன் சர்வரின் முகவரியைக் கொடுத்து, சற்று நேரத்தில் 192.168.1.10 என்று மாற்றிக் கொடுக்கிறான். ப்ரவுசருக்கு இன்னும் அது அவன் தளம்தான், கோரிக்கை வந்து சேர்வது நம்மிடம். ஆரிஜினிலும் ஹோஸ்டிலும் அவன் பெயர்தான் இருக்கும், இரண்டும் பொருந்தும். பெயர் வேறு என்பதால் நம் பாஸ்வேர்டை ப்ரவுசர் அங்கே அனுப்பாது, ஆனால் பாஸ்வேர்ட் இல்லாத சர்வர்கள் கதி அதோகதி. ஆகவே ஹோஸ்ட் ஹெட்டரையும் அதே பட்டியலோடு பார்க்கிறேன். ஐபி முகவரி ஒன்று, கணினிப் பெயர் ஒன்று, மொத்தம் இரண்டே வரி. மாமாவின் போனில் கணினிப் பெயரில்தான் புக்மார்க் இருக்கிறது என்பது அவர் திட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆரிஜின் மட்டும் போதாதா என்றால், இந்த அளவுக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு முறை மூக்கு உடைந்தவன் என்பதால் டோக்கனும் சேர்த்தேன். சர்வர் தன் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு ஃபார்மிலும் யூகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை மறைத்து வைக்கும், போஸ்ட் வரும்போது அது திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கும். கடைக்காரர் தன் முத்திரை போட்ட சீட்டுக் கட்டை நம் வீட்டில் கொடுத்து வைப்பது மாதிரி. வழியில் நிற்பவனிடம் அந்தக் கட்டு இருக்காது.

இதிலும் ஒரு கூத்து. டோக்கனைச் சர்வர் துவங்கும்போது புதிதாக உருவாக்கினேன். கரண்ட் போய் வந்தால் சர்வர் புதிதாகத் துவங்கும், எடிட்டர்கள் காலையிலிருந்து திறந்து வைத்த பக்கங்களில் பழைய டோக்கன் இருக்கும், 403. இப்போது ஒரு ஃபைலில் சேமித்து வைக்கிறேன். இன்னொன்று: ஃபார்மில் ஃபைல் பெட்டிக்குக் கீழே டோக்கனை வைத்திருந்தேன். ஃபார்மில் எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் தரவு வரும். என் நிரல் முழு ஃபைலையும் வாங்கி டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் டோக்கனைப் பார்த்து 403 என்று கம்பீரமாகச் சொன்னது. ஃபைல் உள்ளே இருந்தது! பழைய நிரல்களில் இந்த வேலைக்குப் பயன்பட்ட சிஜிஐ தொகுதியை பைத்தான் 3.13ல் நீக்கிவிட்டார்கள், அதனால் நானே எழுதிய பிரிப்பான் அது. இப்போது டோக்கன் மேலே, சோதனை முடிந்த பிறகுதான் டிஸ்க்கில் முதல் எழுத்து விழும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவள் கேட்ட கேள்விதான் ஃபைல் சர்வருக்கே உரிய கேள்வி. "அண்ணா, ஏத்தின ஃபைல் எச்டிஎம்எல்லா இருந்தா?"

மற்ற வலைத்தளங்களுக்கு இல்லாத கஷ்டம் இது. யாரோ கொடுத்ததை வாங்கி நம் முகவரியிலேயே பரிமாறுவதுதான் ஃபைல் சர்வரின் தொழிலே. கல்யாண வீட்டார் அனுப்பும் பத்திரிகை டிசைன் எஸ்விஜி என்ற பட வகையில் வரும். எஸ்விஜியை ப்ரவுசரில் நேராகத் திறந்தால் அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும். எச்டிஎம்எல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஸ்கிரிப்ட் ஓடுவது 192.168.1.10 என்ற என் முகவரியில். ஆரிஜின் சரியாக இருக்கும். பட்டியல் பக்கத்தைப் படித்து டோக்கனையும் எடுத்துக்கொள்ளும். சீட்டுக் கட்டு இருக்கும் அறைக்குள்ளேயே அந்நியனைப் படுக்க வைத்த கதை.

ஜேபெக், பிஎன்ஜி போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ப்ரவுசரில் திறக்காமல் டவுன்லோடாக மட்டும் கொடுக்கும்படி மாற்றினேன். வகையை நீயே மோப்பம் பிடிக்காதே என்று ப்ரவுசரிடம் சொல்லும் நோஸ்னிஃப் ஹெட்டர் ஒன்று. சேமித்த ஃபைல்களைக் கொடுக்கும்போது சாண்ட்பாக்ஸ் என்ற உள்ளடக்கக் கொள்கை ஒன்று, இதனால் தப்பித்தவறித் திறந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடாது. ஃபைல்களை வேறு போர்ட்டிலிருந்து கொடுப்பது இன்னும் நல்லது, போர்ட் மாறினால் ஆரிஜின் வேறாகிவிடும். அதைச் செய்ய ஆரம்பித்து, பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கிறது என்று எடிட்டர்கள் புலம்பியதில் விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்னும் சந்தேகம்தான்.

பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு மாற்றம்தான் நடைமுறையில் அதிகம் உதவியது. இப்போது "அழி" எதையும் அழிப்பதில்லை, குப்பை என்ற ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. 30 நாள் கழித்துத்தான் உண்மையில் போகும். ஒரே பெயரில் ஃபைல் வந்தால் மேலே எழுதாமல் பெயரோடு ஒரு எண் சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டையும் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்திருந்தால் திங்கட்கிழமை காலை போன் வந்திருந்தாலும் நிதானமாக டீ குடித்துவிட்டுப் பேசியிருப்பேன்.

கல்லூரிப் பையன் இப்போது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் காப்பி எடுக்கிறான், சர்வர் பக்கமே வருவதில்லை. அவனைத் திட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவன் காப்பி எடுக்க நினைக்காமல் இருந்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

கோலப் பக்கத்தை ஸ்டுடியோ கணினியின் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருக்கிறேன். சர்வரில் ஒரு வரி மாற்றினாலும் அதை ஒரு முறை திறந்து பார்ப்பேன். மறுப்புப் பக்கத்தில் வெறும் 403 என்று இருந்தால் எடிட்டர்கள் பயப்படுகிறார்கள் என்று, கடைக்காரர் நினைவில் ஒரு தமிழ் வரி எழுதி வைத்தேன்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, டெஸ்க்டாப்ல கோலம்னு ஒண்ணு இருந்துச்சு, மார்கழிக்கு நம்ம ஆளுங்க எடுத்த போட்டோவோன்னு திறந்தேன்."

"சொல்லுங்க மாமா."

"‘இது நம்ம கடைச் சீட்டு இல்லை’ன்னு வருது. நம்ம எப்ப மாப்ள மளிகைக் கடை வெச்சோம்?"